நின்ற வண்டியின் முள்

“நின்ன வண்டியில ஸ்பீடு மீட்டர் முள் எப்படி அசையும்? உனக்குக் கண்ணுலதான் கோளாறு.”

“அதைத்தான் நானும் கேக்கறேன். எப்படிங்க அசையும்?”

சண்டை சூடுபிடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. முதல் பாதி வீட்டுக்குள்ளேயே நடந்துவிட்டதால் தெருவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் மனத்தாங்கல்தான். கார் ஷெட்டுக்கு வந்த பிறகு அந்தக் குறை இல்லை. தகரக் கூரை ஒரு சொல்லைக்கூடக் கீழே போடாமல் எடுத்துக் கொடுத்தது.

தையல் டீச்சர் கழுத்தில் அளவு நாடாவோடு நின்றிருந்தாள். அவள் புருஷன் அச்சகக்காரர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். தெருவில் பாதிப் பேரை ஜன்னலுக்கு இழுத்தது சண்டை அல்ல, இதுதான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பல்பு மாற்றாத மனிதர், சொட்டுகிற குழாயைப் பார்த்தால் அடுத்த அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறவர், வெள்ளைச் சட்டையோடு மண்ணில் மல்லாந்து படுத்து அந்தக் கிழட்டுக் காரின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். தெரு அந்தக் காரை ‘ஆமை’ என்றுதான் சொல்லும். ஓடு இருக்கிறது, ஓட்டம் இல்லை.

“மீட்டர் கேபிள் அறுந்து எத்தனை மாசமாச்சு. சக்கரத்துக்கும் முள்ளுக்கும் இப்ப ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

“அப்ப மெக்கானிக் நட்டைக் கூப்பிட்டுப் புதுசு போட்டுடுங்க. இதுல என்ன ரகசியம்?”

“என் வண்டியில எவனும் கை வைக்க வேண்டாம்.”

அதை அவர் கத்திச் சொல்லவில்லை. வண்டிக்கு அடியிலிருந்து, தாழ்ந்த குரலில், யாரோ தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோலச் சொன்னார். டீச்சருக்கு முதுகுத்தண்டில் ஈரத்துணி பட்டதுபோல் இருந்தது அப்போதுதான்.

அவள் கண்டது இவ்வளவுதான். மத்தியானம் ஓட்டுநர் இருக்கைக்குப் புது உறை தைக்க அளவெடுக்க வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது. பழைய ரெக்ஸினும் பெட்ரோலும் எலிப்புழுக்கையும் கலந்த அந்தக் கதகதப்பான வாடைக்குள், நாடாவை இருக்கையின் விளிம்பில் பிடித்தபடி தற்செயலாக நிமிர்ந்தபோது, மாதக்கணக்காகப் பூஜ்யத்தில் செத்துக் கிடந்த முள் மெல்லச் சிலிர்த்தது. ஒரு மயிரிழை எழுந்தது. பிறகு நடைவேகத்துக்கு வந்து, யாரோ நிதானமாக நடந்து வருவதுபோல அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. மீட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். நீளமாக, ஈரமாக, இழுத்து இழுத்து. ஈரத் தலைமுடியில் சீப்பு இறங்குகிற சத்தம்.

அந்தச் சத்தத்தை டீச்சர் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். சின்னவள் தலைவாரும் சத்தம் அது.

சின்னவள் என்றால் டீச்சரின் தங்கை. அக்கா வீட்டில்தான் இருந்தாள். எங்களுக்கு அவள் ‘சடை’. முகம் மறந்துபோகிற முகம்தான். ஆனால் முழங்காலுக்குக் கீழே இறங்கும் அந்தச் சடை தெருவில் நடந்து போனால் பின்னாலேயே ஒரு பெண் நடந்து போவதுபோல் இருக்கும். வீட்டை விட்டுப் போவதற்கு முந்தின வாரம்தான் நுனிக்கு மட்டும் செம்பு நிறச் சாயம் வேறு பூசிக்கொண்டாள். அக்காவுக்கோ தலைமுடி என்றாலே ஆகாது. தையல் எந்திரத்தில் ஒருமுறை கூந்தல் சிக்கி, கழுத்தோடு வெட்டிக்கொண்டவள். தங்கையின் முடி குளியலறைத் துளையை அடைக்கும், மின்விசிறித் தண்டில் சுற்றும், எந்திரத்தின் பாபினுக்குள் போய் நூலோடு நூலாகும். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், குளியலறையில் கணுக்கால் தண்ணீர் நின்றபோது, அக்கா வாய்விட்டாள். அது நான்கு வீடு தாண்டிக் கேட்டது.

“உன் முடி அடைக்காத இடமே இந்த வீட்ல இல்லடி. ஒண்ணு அதை வெட்டிட்டு வா. இல்ல, வராத.”

சின்னவள் பையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அச்சகக்காரர், “போய்க் கூட்டிட்டு வர்றேன்” என்று ஆமையைக் கிளப்பிக்கொண்டு போனார். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத் தனியாக வந்தார். பஸ் போய்விட்டதாம். வழியில் பள்ளத்தில் இறங்கியதில் மீட்டர் கேபிளும் போய்விட்டதாம். வண்டியில் போன மனிதர் தலையிலிருந்து கால்வரை தொப்பலாக ஏன் நனைந்திருந்தார் என்று டீச்சர் கேட்கவில்லை. பஸ் நிலையத்தில் இறங்கித் தேடியிருப்பார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

தெருவும் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் வடிகட்டி விற்க வந்துகொண்டிருந்த இளைஞன் ஒருவன் அதே வாரத்தோடு வராமல் போனான். போதாதா? நாங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவைத்து, கோயிலில் மாலை மாற்றி, குழந்தைக்குப் பெயர் வைப்பதுவரை போய்விட்டோம். டீச்சரும் அதை நம்பினாள். நம்பத்தான் ஆசைப்பட்டாள். எங்கேயோ ஓர் ஊரில் அந்தச் சடை கோபமாக உயிரோடு இருந்தால் போதும். பஸ் சத்தம் கேட்டால் எந்திரத்தை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பாள். வரட்டும், வெட்டாமலேயே வரட்டும் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

சண்டை நடந்த மறுநாள் அச்சகக்காரர் வேலைக்குக் கிளம்பிப் போனதும் அவள் நட்டைக் கூப்பிட்டனுப்பினாள். நட்டு எங்கள் பகுதி மெக்கானிக். எந்த வண்டியைப் பிரித்து மாட்டினாலும் கடைசியில் ஒரு நட்டு கையில் மிஞ்சும். அதனால் அந்தப் பெயர். ‘இது கம்பெனிக்காரன் அதிகமா போட்டது’ என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். வாய்க்குக் குறைவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து புதுக் கேபிளைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு வந்து, கேட்காமலேயே பாடம் நடத்தினான். மற்ற வண்டிகளில் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து வருமாம்; இந்த ஆமையில் இடது முன்சக்கரத்தின் நடுவிலிருந்தே வருகிறதாம். சக்கரத்தின் குமிழில் ஒரு சதுரத் துளை; அதில் கேபிளின் சதுர முனை; அது நழுவாமல் இருக்க விரல்நகம் அளவுக்கு ஒரு கிளிப். சக்கரம் சுற்றினால் உறைக்குள் இருக்கும் கம்பி சுற்றும். கம்பி சுற்றினால் மேலே முள் ஏறும்.

“அந்தக் கிளிப் மட்டும் இல்லன்னா முனை கழண்டு விழுந்துடும் டீச்சர்க்கா. அப்புறம் வண்டி பறந்தாலும் முள் பூஜ்யம்தான்.”

மீட்டருக்குப் பின்னால் கைவிட்டுத் திருகைக் கழற்றினான். பிறகு சக்கரத்துப் பக்கம் வந்து, பழைய கேபிளை உறையோடு உருவி, உறைக்குள்ளிருந்து கம்பியை இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தான். ஈரமான வாய் திறப்பதுபோல ஒரு சத்தத்தோடு வந்தது.

கம்பி தெரியவில்லை. நுனி முதல் அடிவரை அதன்மேல் கறுப்பாக, கிரீஸில் ஊறி, நெருக்கமாக, ஓர் இழைமேல் ஓர் இழை ஏறாமல் எதுவோ சுற்றியிருந்தது. நல்ல தையற்காரி பாபினில் நூல் சுற்றுவதுபோல அத்தனை நேர்த்தி.

“நூலா?” என்றாள் டீச்சர். நூல் இல்லை என்று அவள் விரலுக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது.

நட்டு குமிழுக்குள் விரலைவிட்டு ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. நீளமாக, வழவழப்பாக. கையை முழுக்க நீட்டி இழுத்தும் முடியவில்லை. கடைசியாக வந்த முனை வெயிலில் செம்பு நிறமாக மின்னியது.

“உங்க வீட்ல யாருக்குக்கா இவ்ளோ முடி?” என்று கழுத்தோடு வெட்டிய அவள் தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கேட்ட பிறகுதான் அவனுக்கே பதில் நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. கையிலிருந்ததை உதறினான். அது விரலை விடவில்லை.

“சக்கரத்துல சிக்கியிருந்தா, மீட்டர் வரைக்கும் எப்படி?” என்றாள் டீச்சர்.

“சுத்தறது எல்லாம் மேல ஏறும்க்கா.” கேபிளின் மேல் முனையைக் காட்டினான். “அதனாலதான் கிரீஸைக்கூடக் கீழ்ப் பாதியோட நிறுத்தணும். மேல் முனைக்கு வெச்சா ஏறிப் போயி மீட்டருக்குள்ள உக்காந்துக்கும்.”

அப்படிச் சொன்னவனே, அவசரத்தில், புதுக் கம்பி முழுக்க, மேல் முனை வரைக்கும், கிரீஸை அப்பினான். செருகினான். திருகினான். துடைக்காமல் ஓடினான். கருவிப் பெட்டியைக்கூட மறுவாரம் ஆள் அனுப்பித்தான் எடுத்துக்கொண்டான்.

டீச்சர் ஷெட்டில் குந்தியபடியே இருந்தாள். நட்டு உருவிப் போட்டு மடியில் கிடந்த முடியைக் கைகள் தானாகவே ஒரு காலி பாபினில் சுற்றிக்கொண்டிருந்தன; பழக்கதோஷம். பாபின் நிறைந்தது. முடி தீரவில்லை. தரையில் கிரீஸுக்கு நடுவே ஏதோ மின்னியது. எடுத்துப் பார்த்தாள்.

விரல்நகம் அளவுக்கு ஒரு கிளிப்.

நட்டு வழக்கம்போல ஒன்றை மிச்சம் வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் தூறல். பள்ளிக்கூட விடுதிக்குச் சீருடை மூட்டை கொண்டுபோக வேண்டும், ஆட்டோக்காரர் வரமாட்டேன் என்கிறார், நீங்களே விட்டுவிடுங்கள் என்றாள் டீச்சர். குரல் சாதாரணமாக இருக்க வேண்டுமென்று சமையலறையில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்து சொன்னாள். கைப்பையில் அந்தக் கிளிப் இருந்தது. பாபினும் இருந்தது. ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். அவர் வாயிலிருந்து.

தெருமுனை தாண்டியதும் அவர்தான் முதலில் பார்த்தார்.

“மீட்டர் ஓடுது.”

“நட்டைக் கூப்பிட்டேன்.”

அவர் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். முள் ஒழுங்காகத்தான் ஏறியது. வேகம் கூடினால் கூடியது, பிரேக் போட்டால் இறங்கியது. டீச்சர் கைப்பைக்குள் விரலைவிட்டுக் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. அது இல்லையென்றால் முனை கழன்று விழும். விழுந்தால் பூஜ்யம்தான். கண்ணாடித் துடைப்பான் இப்படியும் அப்படியும் போய்வந்தது. தூறல் கூரையில் விரல் தட்டியது. அதற்கெல்லாம் அடியில், மீட்டருக்குப் பின்னால், நீளமாக, ஈரமாக, அந்தச் சீப்பு.

விடுதிக்குச் சிறுபாலம் வழியாகப் போவதுதான் நேர்வழி. அச்சகக்காரர் போன மழைக்காலத்துக்குப் பிறகு அந்த வழியில் போவதில்லை. பாதை சரியில்லை என்று சுற்றிக்கொண்டு போவார். அன்றைக்குச் சுற்றுவழியில் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். திருப்பினார். நெற்றியில் வியர்வை மழைத்துளிபோல நின்றது.

“அன்னிக்கு எதுவரைக்கும் போனீங்க?”

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும். எத்தனை தடவை சொல்றது?”

முள் ஏறியது.

அவர் வேகத்தைக் கூட்டவில்லை. வெளியே மரங்கள் மெதுவாகத்தான் நகர்ந்தன. சைக்கிளில் ஒருவர் அவர்களைத் தாண்டிக்கூடப் போனார். ஆனால் முள் நாற்பதைத் தாண்டி, அறுபதைத் தாண்டி, அந்தக் கிழட்டு வண்டி பிறந்ததிலிருந்து தொடாத எண்களை நோக்கி, கோபமாக ஓட்டுகிற ஒருவனின் கால் அழுத்தத்தில் ஏறுவதுபோல ஏறிக்கொண்டே போனது. அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி தளர்ந்தது. முள் தளரவில்லை.

“என்னங்க இது?”

“கேபிள் சரியா போடலை. அவன் போட்ட லட்சணம்.”

வாடை. தலைச்சாயத்தின் காரமான வாடை, அதற்கு அடியில் தேங்கிய தண்ணீரின் வாடை. எங்கிருந்து? கண்ணாடிகள் மூடித்தான் இருந்தன.

சிறுபாலம் வந்தது. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் உடைந்திருந்தது. அந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், முள் கீழே விழுந்தது. இறங்கவில்லை. விழுந்தது. எதன்மேலோ மோதியதுபோல.

பூஜ்யம்.

வண்டியும் நின்றது. எஞ்சின் தானாக அணைந்தது. மழைச் சத்தம் மட்டும்.

பிறகு முள் மறுபடி சிலிர்த்தது. நடைவேகம். நின்ற வண்டியில், நிதானமாக, யாரோ நடந்து வருகிற வேகம்.

“மழையில கண்ணு தெரியல,” என்றார் அச்சகக்காரர். அவளிடம் சொல்லவில்லை. மீட்டரிடம் சொன்னார். “இடது பக்கம் வந்து நின்னுட்டா. கையைக் காட்டினா. நிறுத்தத்தான் பாத்தேன். முடி சக்கரத்துல... இழுத்துட்டே போயிருக்கு. எனக்குத் தெரியல.”

டீச்சர் அவர் பக்கம் திரும்பினாள். “உயிர் இருந்துச்சா?”

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார்.

“என்னங்க. பாலத்துக்குக் கீழ இறக்கிவிடும்போது உயிர் இருந்துச்சா?”

“மாமான்னு கூப்பிட்டா,” என்றார்.

மீட்டர் கண்ணாடியின் விளிம்பில் ஒரு கோடு. விரிசல் என்று நினைத்தாள். விரிசல் நகர்ந்தது. ஒரு முடி. கிரீஸில் மினுங்கியபடி கண்ணாடிக்கும் தகரத்துக்கும் நடுவிலிருந்து வெளியே வந்து, தொங்கி, தேடியது. இன்னொன்று. இன்னும். முள் தெரியவில்லை. எண்கள் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் முழுக்கக் கறுப்பு, சுற்றிக்கொண்டு. ஸ்டியரிங் தண்டில் இறங்கியது. அவர் மணிக்கட்டில் ஒரு சுற்று. இரண்டு. நேர்த்தியாக. இழைமேல் இழை ஏறாமல். அவர் கத்தவில்லை. திறந்த வாய் திறந்தபடி இருந்தது. முடி அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

கதவு எப்படித் திறந்தது என்று டீச்சருக்குத் தெரியாது. மழை. தார்ச் சாலை. முழங்கால். பின்னால் வண்டிக்குள் சீப்பு இறங்குகிற சத்தம். நிதானமாக. அவசரமே இல்லாமல்.

பிறகு நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். ஆள்கள் வந்தபோது அவர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாராம். உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் கழுத்தில் கைவைத்துப் பார்த்த கம்பவுண்டர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்; உள்ளே ஏதோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கேபிளின் கீழ் முனை சக்கரத்தில் இல்லை. தரையைத் தொட்டபடி சும்மா தொங்கியது. சிறுபாலத்துக்கு அடியில் பையும் செருப்பும் கிடைத்தன. சின்னவளும் கிடைத்தாள், எலும்பாக. எல்லாம் இருந்தது. முடி மட்டும் இல்லை. ஓர் இழைகூட.

தண்ணீர் வடிகட்டிக்காரன் அடுத்த மாதமே, வேறு கம்பெனிச் சட்டையோடு, வேறு எங்கேயோ கட்டிய பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு விற்க வந்தான். ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கத்தில் மூன்று வீட்டில் வடிகட்டி வாங்கினோம். நட்டு தொழிலை விட்டுவிட்டு மாமனார் ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கிறான். அங்கேயும் நிறுவையில் ஏதோ மிஞ்சுகிறதாம். அச்சகத்தை அவருடைய தம்பி வாங்கினார். ஆமையை வாங்க ஆள் வரவில்லை.

டீச்சர் வீட்டைக் காலி செய்துகொண்டு, கைப்பையில் அந்தப் பாபினோடு, தூரத்து ஊருக்குப் போனாள். மூட்டை கட்டும்போது இதையெல்லாம் மாடிவீட்டுக்காரியிடம் மட்டும், யாரிடமும் சொல்லாதே என்று சொன்னாள். அன்று பொழுது சாய்வதற்குள் எங்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

அதே மாடிவீட்டுக்காரி போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அந்த ஊருக்குப் போயிருந்தாள். பந்தியில் தனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது டீச்சர்தான் என்று முதலில் தெரியவில்லையாம். கழுத்தோடு வெட்டிய தலை இல்லை. முழங்காலுக்குக் கீழே இறங்கும் சடை. நுனி மட்டும் செம்பு நிறம். இத்தனை சீக்கிரத்தில் யாருக்காவது அப்படி வளருமா? தலையிலிருந்து வளர்ந்ததாகத் தெரியவில்லை, கீழேயிருந்து ஏறினதுபோல இருந்தது என்றாள். தோளைத் தொட்டுக் கூப்பிட நினைத்தவள் கையை நீட்டியபடியே நின்றுவிட்டாளாம். டீச்சர் அசையாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காற்று இல்லை. முதுகில் கிடந்த அந்தச் சடை மட்டும், நடைவேகத்தில், தானாக, மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.